உப்பளத்துப் பாசி

என் பேரு அரியநாச்சி. கோவில்பட்டிக்குள்ள வந்து அந்தப் பேரைச் சொன்னா ஒருத்தருக்கும் தெரியாது. மூக்கம்மா வீடு எதுன்னு கேளுங்க, வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்து விட்டுருவாக. இழவு வீட்டுக்குப் போயி சனங்கள அழ விடாமப் பாத்துக்கிடுறதுதான் என் வேலை. சுகாதார இலாகாவுல சம்பளம், பச்சைச் சேலை, தோள்ல ஒரு பை. பைக்குள்ள மூக்குக்கு விடுற சொட்டு மருந்தும் வாயில ஒட்டுற பட்டியும் இருக்கும். நான் ஒரு தெருவுக்குள்ள திரும்புனாலே "யாரு வீட்டுலட்டி?"ன்னு பொம்பளைக நெஞ்சுல கைய வச்சுக்கிடுவாக. நல்ல காரியத்துக்கு என்னைய எவளும் கூப்பிட்டது கிடையாது, நானும் அதை எதிர்பாக்குறதில்ல.

என் அண்ணன் மகன் இசக்கிராஜா செத்த அன்னைக்கும் அந்தப் பையோடதான் போனேன்.

இந்த வெள்ளைப் பொடி நான் வயசுக்கு வந்த வருசம் இறங்க ஆரம்பிச்சது. அதுக்கு முன்னால வெயில் சனங்களக் கொன்னுக்கிட்டு இருந்துச்சு. வெயிலைக் குறைக்கணும்னு பெரிய பெரிய ஆளுக கூடிப் பேசி, வானத்துல ஒசரக்க எதையோ தூவினாக. வெயில் குறைஞ்சது, இல்லங்கல. ஆனா தூவுனது கீழ இறங்குச்சு. எந்தத் துணியில கட்டுனாலும் நிக்காது, அவ்வளவு நைசு. நெஞ்சுக்குள்ள போச்சுன்னா அங்கனயே கட்டி தட்டிப் போயிரும். மாவு நோயின்னு சொல்லுவோம். எங்க அண்ணன் அதுலதான் போனான், மகன் தவழ்ந்துக்கிட்டு இருக்கும்போதே.

பெறகுதான் பாசி வந்துச்சு. தூத்துக்குடி உப்பளத்துல தண்ணி சுண்டிச் செவக்குற பாத்தி இருக்குல்ல, அதுல இருந்து எடுத்த பாசி. அதை ஆய்வுக்கூடத்துல என்னென்னமோ பண்ணி மனுச மூக்குக்குள்ள வளர வச்சாக. மூக்கு வழியா வர்ற பொடிய அது தின்னுரும். பெரியவுகளுக்கு முகாம் போட்டு வச்சாக. பிள்ளைக்குக் காது குத்துற அன்னைக்கே, மாமன் மடியில வச்சு, மூக்குலயும் பாசி வச்சிருவோம். இசக்கிராஜாவுக்கு வைக்கும்போது தும்மித் தும்மி அவுக மாமன் வேட்டியெல்லாம் நாசம் பண்ணிட்டான். வாயைத் திறக்கக் கூடாது, அழக் கூடாது, ஓடக் கூடாது. இந்த மூணுக்குள்ள இருந்தா உசுரோட இருக்கலாம், அவ்வளவுதான் சட்டம்.

ஓடக் கூடாதுங்கிறதுதான் அவனுக்கு ஒத்து வரல. பள்ளிக்கூடத்துப் பழைய அறையில எவனோ போட்டுட்டுப் போன ஹாக்கி மட்டையக் கண்டெடுத்துட்டான். ஹாக்கிக்குப் பேரு வாங்குன ஊரு, கோவில்பட்டிக்காரன் கையில மட்டை சிக்குனா என்னாகும்? ஊரு எந்திரிக்கிறதுக்கு முன்னால புல்லு முளைச்ச மைதானத்துல தனியா ஓடிக்கிட்டுக் கிடந்தான். ஒரு நா நானே கண்ணால பாத்துட்டேன். வாயைப் பொளந்துக்கிட்டு ஓடி வாரான்.

"ஏலே, வாய மூடு," ன்னு மைதானத்து நடுவுலயே கத்துனேன்.

"ஓடுனா மூக்கு பத்த மாட்டேங்குது அத்தை. வாயிலயும் பாசிய வச்சு விட்டிருந்தா என்னவாம்?"

"வாயில வச்சா, நீ திங்குற மொளகாய்க்கும் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிற காப்பிக்கும் அது ஒரு பொழுது தாங்குமாலே? மூக்குதான் அதுக்குத் தோது. உள்ள வெதுவெதுன்னு இருக்கும், ஈரம் இருக்கும், முடி இருக்கும். காத்தச் சலிச்சு, பதமாக்கி, அப்புறந்தான் நெஞ்சுக்கு அனுப்பும். வாய்க்கு என்ன இருக்கு? கண்டதும் உள்ள போற வழி. சோறு திங்க மட்டும் அதைத் தெற."

"மூக்கால மூச்சு விட்டா நூறு வயசு இருக்கலாமா அத்தை?"

"இருக்கலாம்."

"ஓடாமயா?"

"ஆமா, ஓடாமதான்."

அவன் சிரிச்சான். அந்தச் சிரிப்பை வச்சுக்கிட்டு என்ன செய்யன்னு எனக்குத் தெரியல. மட்டையப் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டு வந்து, அவுக அம்மா முப்பிடாதி கையில குடுத்து, அடுப்புல வைன்னு சொல்லிட்டு வந்தேன். அவ வைக்கல.

அடுத்த மழைக்காலத்துல அவனுக்கு இருமல் வந்துச்சு. தை பொறக்குறதுக்குள்ள ஆளு இல்ல.

எங்க ஊரு இழவு வீடு இப்ப எப்படின்னு வெளியூர்க்காரங்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. பொம்பளைக முன்ன மாதிரியே வட்டமா உக்காந்து, தோள்ல கையப் போட்டு, தலையோட தலை முட்டிக்கிட்டு ஆடுவாக. எல்லாரு வாயிலயும் பட்டி ஒட்டியிருக்கும். ஒப்பாரி மூக்காலதான் வரும். மெட்டு மட்டும் "ம்ம்"முன்னு வரும், வார்த்தை கிடையாது. இப்படி முனகுறது மூக்குக்கு நல்லதுன்னு டாக்டர்மாரே சொல்லியிருக்காக. அழுகை அப்படி இல்ல. அழுதா மூக்கு வீங்கி அடைச்சுக்கிடும், வாய் தானா தெறந்துக்கிடும், ஏங்கி ஏங்கி இழுக்கிற காத்து அம்புட்டும் நேரா நெஞ்சுக்குள்ள. அதுக்குத்தான் நான் இருக்கேன். முதல்ல எனக்கு விட்டுக்கிட்டு, வாசல்லயே நின்னு வர்றவுக ஒவ்வொருத்தருக்கும் சொட்டு விடுவேன். அது மூக்கையும் உலர்த்தும், கண்ணையும் உலர்த்தும். மருந்து பிடிச்ச பெறகு பெத்த பிள்ளை செத்துக் கெடந்தாலும் கண்ணு நனையாது.

முப்பிடாதிக்கு நான் ரெண்டு தரம் விட்டேன். ஒத்தைக்கு ஒரு மகன், புருசன் இல்ல, அவளை இழந்தா எனக்கும் ஆளு இல்ல. எனக்குப் பிள்ளை கிடையாது, கட்டுனவன் கல்யாணமான புதுசுலயே மாவு நோயில போயிட்டான். இந்தக் குடும்பத்துல மிச்சம் அவ ஒருத்திதான். அவ பொறந்த வீட்டுல இருந்து கோடிச் சேலையோட அவ அண்ணன் வந்தாரு. பொறந்த வீட்டு ஆளைப் பாத்ததும் எந்தப் பொம்பளைக்கும் ஒடைஞ்சு வரும், அதனால அவரைத் தெரு முக்குலயே நிறுத்தி, மருந்து விட்டு, "அவ மொகத்தப் பாக்காதீங்க, காலப் பாத்துட்டு ஒதுங்கிக்கோங்க"ன்னு சொல்லித்தான் உள்ள விட்டேன். அதுலயும் அவ அசையல. சரி, தப்பிச்சோம்னு நெனைச்சேன்.

வாய்க்கரிசி போடுற நேரம் வந்துச்சு. பையன் வாயைத் தெறந்து வச்சிருந்தாக. முப்பிடாதி அரிசியக் கையில எடுத்துட்டு அந்த வாயையே பாத்துக்கிட்டு நின்னா. எல்லாருக்கும் ஒரே நெனப்புதான் ஓடிருக்கும்: வாயை மூடு, வாயை மூடுன்னு சொல்லியே வளர்த்த பிள்ளை. அவ அரிசியப் போட்டா. பெறகு, தன் வாயில ஒட்டியிருந்த பட்டிய ஒரே இழுப்பா இழுத்து எறிஞ்சா.

வாய் விட்டுக் கதறுற அந்தச் சத்தத்தை நாங்க கேட்டு எத்தனையோ வருசமாச்சு. பொம்பளைக பாதிப்பேரு காதைப் பொத்திக்கிட்டு எந்திரிச்சு வெளிய ஓடுனாக. நான் அவ வாயைக் கையால பொத்துனேன். கடிச்சுட்டா.

"விடு மதினி," ன்னா. "நாந்தான் அவனைக் கொன்னேன். விடியக்காலம் மட்டைய எடுத்துட்டுப் போவான், நான் கண்டும் காணாத மாதிரி படுத்திருப்பேன். ஓடிட்டு வந்து அவன் மொகத்துல ஒரு களை இருக்கும், அதைப் பாக்குறதுக்காகப் படுத்திருந்தேன். இப்ப நானும் வாயைத் தெறந்துட்டேன். என்னையக் கொஞ்சம் அவன் பின்னாலயே போக விடு."

"நீ போயிட்டா நான் என்னட்டி செய்வேன்?" ன்னு கேட்டேன். அவ்வளவு பேரு முன்னால வெக்கமில்லாமக் கேட்டேன்.

அன்னையில இருந்து தினமும் சாயங்காலம் அழுதா. கதவைத் தெறந்து போட்டுக்கிட்டு, வார்த்தை வச்சு, மூக்கு ஒழுக ஒழுக அழுதா. சொட்டு மருந்தை நான் கொண்டு போனா முற்றத்துல வீசிருவா. தெருவுல விளக்கு வைக்கிற நேரத்துக்கு எல்லா சன்னலும் படபடன்னு சாத்துற சத்தம் கேக்கும். அழுகை ஒட்டுவாரொட்டி பாருங்க. "உன் மதினிய அடக்குறதுக்கு வழியில்ல, நீயெல்லாம் என்ன மூக்கம்மா?"ன்னு என்கிட்டயே சண்டைக்கு வந்தாக. ஒவ்வொரு நாளும் நான் போயி அவ பக்கத்துல உக்காந்து, முதுகுல காதை வச்சு, மூச்சுல கரகரப்பு வந்திருச்சான்னு கேப்பேன். மாவு நோய் முதல்ல அப்படித்தான் தெரியும்.

அவ நெஞ்சுல ஒரு சத்தமும் வரல. ஊருல மத்தவுகளுக்கு வந்துச்சு.

முதல்ல ராமலிங்கம் வாத்தியார் போனாரு. ஒரு நாள் வாயைத் தெறந்து கொட்டாவி விட்டு யாரும் பாத்ததில்ல அவரை, தூங்கும்போது கூடப் பட்டி ஒட்டுற மனுசன். அப்புறம் தீப்பெட்டிக் கம்பெனி மேஸ்திரி பொண்டாட்டி. அப்புறம் எங்க தெருவுலயே மூணு வீடு. எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்ட சனங்க. நான் பையைத் தூக்கிட்டு ஒரு வீட்டுல இருந்து இன்னொரு வீட்டுக்கு நேரா போக வேண்டியதாச்சு. போற வீட்டுலயெல்லாம் சொட்டைக் கூடுதலாவே விட்டேன். எனக்கும் காலையில எந்திரிச்சா மூக்குல பொறுக்கு உதிர ஆரம்பிச்சுச்சு. மழை இல்ல, காத்து காஞ்சு கெடக்குன்னு நெனைச்சுக்கிட்டேன்.

பங்குனியில பள்ளிக்கூடத்துல மூக்கு முகாம் போட்டாக. முப்பிடாதிய இழுத்துக்கிட்டுப் போனேன். இன்னும் எவ்வளவு நாளைக்கு அவ இருப்பான்னு தெரிஞ்சுக்கிடணும், அதுதான் என் கணக்கு. டாக்டர் ஜெபசீலி எனக்கு நல்ல பழக்கம், என்னைய மூக்கம்மான்னு கூப்பிடாத ஒரே ஆளு. சின்ன விளக்கை வச்சு முப்பிடாதி மூக்குக்குள்ள பாத்தாக. மறு துவாரத்துல பாத்தாக. திரும்ப முதல் துவாரத்துல பாத்தாக.

"இவுகளுக்குச் சொட்டு மருந்து விட்டு எவ்வளவு நாளாச்சு, நாச்சியம்மா?"

"மகன் செத்த அன்னைக்கு விட்டது டாக்டரம்மா. அப்புறம் தொட விடல. தினம் அழுறா. மறைக்கல நான், நீங்க எழுதுறதை எழுதிக்கோங்க."

டாக்டர் ஒண்ணும் எழுதல. முப்பிடாதிய வெளிய உக்காரச் சொல்லிட்டு, என்னைய நாற்காலியில உக்கார வச்சு, தலையப் பின்னால சாய்ச்சு விளக்கை வச்சாக. ரொம்ப நேரம் பாக்கல. விளக்கை அமத்திட்டு, கதவைச் சாத்திட்டு வந்தாக.

"கண்ணீர் எங்க போகுதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"கன்னத்துல."

"பாதிதான் கன்னத்துல. கண்ணு மூலையில ஒரு சின்ன ஓட்டை இருக்கு, பாதி அது வழியா மூக்குக்குள்ள எறங்கும். அழுதா மூக்கு ஒழுகுறது அதனாலதான். நாம வச்ச பாசி உப்பளத்துப் பாசி. அதுக்கு உப்புத் தண்ணி வேணும். நம்ம மூக்குல அதுக்குக் கெடைச்ச ஒரே கஞ்சி அந்தக் கண்ணீர்தான். அழுகிற அன்னைக்கு நிறைய, மத்த நாள்ல கொஞ்சம் கொஞ்சமா எறங்கிக்கிட்டே இருக்கும். நாம சொட்டு மருந்து விட்டு கண்ணையும் மூக்கையும் சேத்து உலர்த்திட்டோம்."

எனக்குப் புரிஞ்சது. புரியாத மாதிரி உக்காந்திருந்தேன்.

"உங்க மதினி மூக்குல பாசி செக்கச் செவேல்னு இருக்கு. இப்படி ஒண்ணை நான் பாத்தே பல வருசமாச்சு. அவுக அழும்போது வாய் வழியா கொஞ்சம் பொடி போகத்தான் செய்யும். மத்த நேரமெல்லாம் அந்தப் பாசி காவல் இருக்கு. அவுக ரொம்ப நாள் இருப்பாங்க."

"என் மூக்குல?"

"காஞ்சு போச்சு. என் மூக்குலயும்தான், முந்தாநாள் கண்ணாடியில பாத்தேன். இந்த முகாம்ல இதுவரைக்கும் நான் பாத்த எல்லார் மூக்குலயும் காஞ்சுதான் கெடக்கு."

"திரும்ப வைக்க முடியாதா? உப்புத் தண்ணிய ஊத்துனா?"

"ஊத்திப் பாத்தாச்சு. வெறும் உப்புக்கு அது மசியல, கண்ணீர்ல வேற என்னமோ இருக்கு, அதைச் செய்ய எங்களுக்குத் தெரியல. திரும்ப வச்சாலும் காஞ்ச சதையில ஒட்டாது. எந்த மூக்குலயும் ஒரு தரம்தான் அது பிடிக்கும்."

"அப்ப ஊருக்குச் சொல்லுங்க. மைக் வச்சுச் சொல்லுங்க."

"சொன்னா என்ன ஆகும்? அன்னைக்கே ஊரு பூரா வாயைத் தெறந்து அழும். செத்த பாசி அதுல முளைக்கப் போறதில்ல. பாசி இல்லாட்டியும் மூக்கு மூக்குதான், முடியும் ஈரமும் கொஞ்சத்தைப் பிடிச்சு வைக்கும். வாய் ஒண்ணையும் பிடிக்காது. வாயை மூடிக்கிட்டு இருந்தா மெதுவாப் போவாங்க, தெறந்தா வெரசாப் போவாங்க. எனக்கு இருக்கிற வழி இது ரெண்டுதான், நாச்சியம்மா."

"இனிமே பொறக்குற பிள்ளைக?"

"அதுகளை அழ விடச் சொல்லணும். எவ்வளவு அழ விடலாம், எவ்வளவு விடக் கூடாதுன்னு எனக்கே தெரியல. அதுகள வளர்க்க அப்ப யாரு இருப்பான்னும் தெரியல." அவுக என் பைய எடுத்து, சொட்டுக் குப்பிய எல்லாம் சாக்கடையில கவுத்து, பானையில இருந்து பச்சைத் தண்ணிய நிறைச்சுக் குடுத்தாக. "போற எடத்துல இதை விடுங்க. எவ மூக்குலயாச்சும் பாசி மிச்சம் இருந்தா காயாம இருக்கட்டும். கேட்டா மருந்துன்னே சொல்லுங்க."

வெளிய முப்பிடாதி வேப்பமரத்துக்குக் கீழ உக்காந்திருந்தா. மொகத்துல ஒரு நிம்மதி, நாள் குறிச்சாச்சுன்னு நெனைச்சிருக்கா. வீட்டுல போயி வெளக்கைக் கூட ஏத்தாம உக்காந்தோம்.

"எவ்வளவு நாளாம்?" ன்னு கேட்டா.

பொய் சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அவகிட்ட எனக்குப் பொய் வராது. டாக்டரம்மா சொன்னதை ஒண்ணு விடாமச் சொன்னேன். உப்பளத்துல இருந்து சொன்னேன், கண்ணு மூலையில இருக்கிற ஓட்டை வரைக்கும் சொன்னேன்.

"அப்ப எனக்குச் சாவு வராதா மதினி?"

"இப்போதைக்கு வராதாம்."

"அவன் கூடப் போறேன்னு சொல்லித்தானே அழுதேன்." அவ சத்தம் ஒடைஞ்சுச்சு. "அவன்கிட்ட அப்படித்தானே சொல்லி அனுப்பி வச்சேன். ஏமாத்திட்டேனே எம் பிள்ளைய."

அவளைக் காப்பாத்தணும்னு நான் விட்ட சொட்டு அவளைக் கொன்னிருக்கும். சாகணும்னு அவ அழுத அழுகை அவளைப் பிடிச்சு வச்சுக்கிடுச்சு. இதுல யாரை நொந்துக்கிட?

"உனக்கு?" ன்னு திடீர்னு கேட்டா.

"எனக்கு என்ன?"

"மழுப்பாத. உன் மூக்கைப் பாத்தாகளா?"

"பாத்தாக."

என் மொகத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சு, என் நெத்தியில அவ நெத்திய வச்சா. பெறகு தோள்ல கையப் போட்டு ஆட ஆரம்பிச்சா, இழவு வீட்டுல ஆடுற மாதிரி. "என் கூடப் பொறக்காத பொறப்பே, ஊரு வாயெல்லாம் மூடுன கையே, உன் வாய மூட யாரு வருவா"ன்னு வார்த்தை வச்சு எடுத்தா. எனக்கு அழுறா. உசுரோட உக்காந்து என் ஒப்பாரிய நானே கேட்டேன். வெளிய சன்னல் சாத்துற சத்தம் அன்னைக்குக் கொஞ்சமாத்தான் கேட்டுச்சு, சாத்துறதுக்குப் பாதி வீட்டுல ஆளு இல்ல.

நடுவுல அவ மூக்கு அடைச்சுச்சு. என் கை பழக்கத்துல பைக்குள்ள போயி குப்பிய எடுத்துருச்சு. உள்ள பச்சைத் தண்ணிதான்னு ஞாபகம் வந்து, திரும்ப வச்சேன்.

"நீ போனா நான் அழுவேன்," ன்னா மூச்சு வாங்கிக்கிட்டு. "டாக்டரம்மா போனாலும் அழுவேன். இந்தத் தெரு பூரா போனாலும் நாந்தான் ஒத்தையில உக்காந்து அழணும் போல. அப்புறம் என்னைய யாரு மதினி அழுவா?"

அவளை என் பக்கம் இழுத்து, தோள்ல கையப் போட்டேன். அவளுக்காக இப்பவே அழுது வச்சிரணும்னு தோணுச்சு. கண்ண இறுக்கி மூடி, அண்ணனை நெனைச்சேன், வாயைப் பொளந்துக்கிட்டு மைதானத்துல ஓடி வந்த பயலை நெனைச்சேன். நெஞ்சு வெடிச்சிரும் போல இருந்துச்சு, கண்ணு மட்டும் காஞ்சு எரிஞ்சுச்சு. ஒரு சொட்டு வரல.

மூக்கால முனகுனேன். அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும். மெட்டு மட்டும், வார்த்தை இல்லாம.

"போதும் மதினி," ன்னா முப்பிடாதி. "எனக்கு இது போதும்."